14 வருடங்களில் 46 முறை நிறுத்திய போலீஸ்... 'மிஸ்டர் ஃபில்'லின் கடைசிப் பயணம்!

பள்ளிக் குழந்தைகளுக்கு அவர் 'மிஸ்டர் ஃபில்'. எந்தக் குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பதுகூட அவருக்கு மனப்பாடம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், செயின்ட் பால் நகரில் உள்ள ஒரு பள்ளியில் மதிய உணவுக்கூட மேற்பார்வையாளராக இருந்தவர் ஃபிலாண்டோ காஸ்டில். கறுப்பினத்தவர். வயது 32.

2016 ஜூலை 6, இரவு 9 மணி. ஃபால்கன் ஹைட்ஸ் என்ற புறநகர்ப் பகுதியில் காஸ்டிலின் காரைப் போலீஸ் நிறுத்தியது. காரில் அவருடைய தோழியும், தோழியின் 4 வயது மகளும் இருந்தார்கள். பிரேக் லைட் எரியவில்லை என்றார் காவலர். ஆனால், காரை நிறுத்தும் முன் வயர்லெஸ்ஸில் அவர் சொன்ன காரணம் வேறு. கொள்ளை வழக்கு ஒன்றில் தேடப்படும் ஆள் போலத் தெரிகிறதாம். எதை வைத்து? அகலமான மூக்கை வைத்து!

தன்னிடம் துப்பாக்கி இருப்பதை காஸ்டில் தானாகவே சொன்னார். அதை வைத்திருக்க அவருக்கு அனுமதியும் இருந்தது. அடுத்த சில விநாடிகளில் காவலர் ஏழு முறை சுட்டார். பின்சீட்டில் அந்தக் குழந்தை. தோழி ஃபேஸ்புக் லைவில் காட்டியதை உலகமே பார்த்தது. காஸ்டில் உயிர் பிழைக்கவில்லை.

அவர் துப்பாக்கியை எடுக்கப் போகிறார் என்று பயந்ததாகக் காவலர் சொன்னார். 2017 ஜூனில் ஜூரி அவரை விடுதலை செய்தது.

முதலில் நிறுத்து, பிறகு தேடு!

அதன்பின் பத்திரிகையாளர்கள் நீதிமன்ற ஆவணங்களைப் புரட்டியபோது இன்னொரு கதை தெரியவந்தது. காஸ்டிலைப் போலீஸ் முதன்முதலாக நிறுத்தியது 2002-ல், அவருடைய 19-வது பிறந்தநாளுக்கு முதல் நாள். அதிலிருந்து குறைந்தது 46 முறை நிறுத்தியிருக்கிறார்கள். அபராதமும் கட்டணமுமாக 6,500 டாலருக்கு மேல் விதிக்கப்பட்டது. பதிவான குற்றச்சாட்டுகளில் பாதிக்கு மேல் தள்ளுபடி ஆயின.

வேகமாகப் போனது, சைலன்ஸர் பழுது என்று காருக்கு வெளியிலிருந்தே போலீஸ் கண்ணில் படக்கூடிய தவறுகள் வெறும் ஆறுதான். மற்றவை பெரும்பாலும் நிறுத்திய பிறகு தெரியவந்தவை: இன்சூரன்ஸ் இல்லை, லைசென்ஸ் முடக்கப்பட்டிருக்கிறது... அந்தக் காலத்தில் அபராதம் கட்ட முடியாவிட்டால் லைசென்ஸ் முடங்கும். ஆனால், வேலைக்குப் போகக் கார் வேண்டும். ஓட்டினால் மறுபடி பிடிபடுவார். இந்தச் சுழலில்தான் அவருடைய இளமை கழிந்தது.

இதற்குச் சட்டமும் இடம் கொடுக்கிறது. சிறியதாக ஒரு போக்குவரத்து விதிமீறல் இருந்தாலே போதும், போலீஸ் மனதில் உள்ள உண்மைக் காரணம் எதுவானாலும் வண்டியை நிறுத்தியது செல்லும் என்று 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்போது என்ன மாற்றம்?

காஸ்டில் சுடப்பட்ட ராம்ஸி கவுன்ட்டியில், 2021-ல் அரசு வழக்கறிஞர் புதிய கொள்கையை அறிவித்தார். பொதுமக்கள் பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத சில்லறைக் காரணங்களுக்காக வண்டியை நிறுத்தி, அதன் மூலம் மட்டுமே கிடைத்த ஆதாரத்தை வைத்துப் பெரிய குற்ற வழக்குகளை நடத்துவதில்லை என்பதே அது. சில சிறு விதிமீறல்களுக்காக மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது என்று ஃபிலடெல்ஃபியா நகரமும் 2022-ல் சட்டத்தை அமலாக்கியது.

அமெரிக்காவில் கறுப்பினப் பெற்றோர் பலர், பிள்ளை காரோட்டும் வயது வந்ததும் உட்காரவைத்துச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. 'போலீஸ் நிறுத்தினால் எதிர்த்துப் பேசாதே, சொன்னதைச் செய்' என்பதுதான் அது. காஸ்டிலின் அம்மாவும் அதைச் சொல்லித்தான் மகனை வளர்த்தார்.

பள்ளியில் சாப்பாட்டுக்குப் பணம் இல்லாமல் நின்ற குழந்தைகளுக்கு காஸ்டில் தன் பையிலிருந்து பணம் கொடுப்பாராம். அவர் பெயரில் திரட்டிய நிதியால் 2018-ல் செயின்ட் பால் நகரின் 56 பள்ளிகளிலும் குழந்தைகளின் மதிய உணவுக் கடன் முழுவதும் அடைக்கப்பட்டது. பிள்ளைகளின் சாப்பாட்டுக் கணக்கை, இல்லாமல் போன பிறகும் பார்த்துக்கொண்டார் மிஸ்டர் ஃபில்!