கட்டுப்பாடு கையிலா, மட்டையிலா?
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. டென்னிஸ் ஆடும் எங்களைப் பார்த்து இதைச் சொல்லாதவர் இல்லை. பந்து கோட்டைத் தாண்டி விழுந்தால் உடனே நாங்கள் கையிலுள்ள மட்டையைத்தான் முறைத்துப் பார்ப்போம். குற்றம் கையிலா, மட்டையிலா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு இவ்வாண்டு எங்களுக்குக் கிடைத்தது. அதில் நாங்கள் அறிந்துகொண்டதைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாங்கள் இருவரும் நான்காம் வகுப்பு முதல் டென்னிஸ் ஆடி வருபவர்கள். இப்பள்ளியில் எங்களுக்கு இது கடைசி ஆண்டு. பெற்றோர் ஆசிரியர் கழகம் மட்டைகள் வாங்குவதற்கென ஒரு தொகை அளித்தது. அத்தொகையில் விலை உயர்ந்த ‘கட்டுப்பாட்டு மட்டை’ இரண்டு வாங்கலாம். அல்லது எளிய மட்டை நான்கு வாங்கலாம். விளையாட்டுச் சாமான் கடைக்காரர் கட்டுப்பாட்டு மட்டை ஒன்றை ஒரு வாரம் ஆடிப் பார்க்கத் தந்தார். “நீங்களே ஆடிப் பார்த்து எழுதிக் கொடுங்கள், அதன்படி வாங்குவோம்” என்றார் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை. அந்த இரண்டும் எங்களுக்குத்தான் என்று நாங்கள் மனத்துக்குள் அப்போதே முடிவு செய்துவிட்டோம்!

கட்டுப்பாட்டு மட்டை என்றால் என்ன? மட்டைகளை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, பந்துக்குத் தானே வேகம் கூட்டித் தருவது. மற்றொன்று, நாம் கொடுக்கும் வேகத்துக்கு மேல் அதிகம் கூட்டாதது. இரண்டாவதே கட்டுப்பாட்டு மட்டை. எங்களுக்கு வந்த மட்டையின் தலை 98 சதுர அங்குலம். நரம்பு கட்டாத நிலையில் எடை 315 கிராம். நெடுக்கில் 18, குறுக்கில் 20 என நரம்புகள் நெருக்கமாக ஓடின. சட்டம் மெல்லியது, சற்றே வளைந்து கொடுப்பது. எடையின் பெரும்பகுதி கைப்பிடிப் பக்கம் இருந்தது. எங்கள் பழைய மட்டையோ 100 சதுர அங்குலம், 285 கிராம். நரம்புகள் 16, 19 மட்டுமே. சட்டம் தடித்தது, விறைப்பானது.

இவ்வேறுபாடுகள் பந்தை எவ்வாறு மாற்றுகின்றன? இதற்குப் பந்தின் இயல்பை அறிய வேண்டும். டென்னிஸ் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போட்டால் அது 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது விதி. அதாவது, நசுங்கி விரியும்போது பந்து தன் ஆற்றலில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடுகிறது. நரம்போ, தான் வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே நரம்பு தளர்வாக இருந்தால் அது நன்றாகக் குழிந்து கொடுக்கும். பந்து குறைவாக நசுங்கும். இழப்பு குறைந்து பந்து பறக்கும். நரம்பு இறுக்கமாகவும் நெருக்கமாகவும் இருந்தால் பந்தே அதிகம் நசுங்கி வேகம் குறையும். வளையும் சட்டமும் வேகத்தைக் குறைக்கும். பந்து நரம்பில் தங்குவது ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரமே. வளைந்த சட்டம் நிமிர்வதற்குள் பந்து புறப்பட்டுப் போய்விடுகிறது! வேகத்தைக் குறைப்பதால் நன்மை என்ன என்று கேட்கலாம். வலைக்கும் கடைக்கோட்டுக்கும் இடையே உள்ள தூரம் 12 மீட்டருக்கும் குறைவு. பலமாக வீசி அடித்தாலும் பந்து அதற்குள் விழ வேண்டுமன்றோ?

பழைய மர மட்டைகளின் தலை சுமார் 65 முதல் 70 சதுர அங்குலமே இருந்தது. நடுவில் படாத பந்து மட்டையைக் கையிலேயே திருகிவிடும். அமெரிக்கப் பொறியாளர் ஹோவர்டு ஹெட், தம் கையில் மட்டை திருகுவதைப் பொறுக்காமல் 110 சதுர அங்குலத் தலையுள்ள மட்டையை உருவாக்கி 1976-இல் காப்புரிமை பெற்றார். விம்பிள்டனில் மர மட்டை கடைசியாகக் காணப்பட்டது 1987-இல். சிறிய தலையை விரும்பிய ரோஜர் பெடரர்கூட 90 சதுர அங்குலத்தை விட்டு 2014-இல் 97-க்கு மாறினார்; 2017-இல் அதைக் கொண்டே விம்பிள்டனை வென்றார்.

இனி எங்கள் சோதனைக்கு வருவோம். கடைக்கோட்டை ஒட்டிய மூலையில் ஸ்கிப்பிங் கயிற்றால் ஒரு சதுரம் அமைத்தோம். ஒருவர் அடிக்க, மற்றவர் எண்ணினார். முதல் நாள் பழைய மட்டையால் அடித்த 40 பந்துகளில் 13 கோட்டைத் தாண்டின. புது மட்டையில் 4 மட்டுமே தாண்டின. கையில் அதிர்வும் இல்லை. நாங்கள் துள்ளிக் குதித்தோம்.

ஆனால் ஆசிரியை எங்கள் பழைய மட்டையின் நரம்பை விரலால் அழுத்திப் பார்த்துச் சிரித்தார். “இந்த கட் எப்போது கட்டியது?” என்றார். ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நரம்பு நாள்பட நாள்பட இறுக்கம் இழக்கும். வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறோமோ, ஆண்டுக்கு அத்தனை முறை மாற்ற வேண்டும் என்பது ஆட்டக்காரர்கள் சொல்லும் கணக்கு. இரண்டு மட்டைகளிலும் ஒரே வகை நரம்பை, ஒரே 55 பவுண்டு இறுக்கத்தில் கட்டச் செய்தார். மறுபடியும் எண்ணினோம். பழைய மட்டையில் கோட்டைத் தாண்டியவை 7 ஆகக் குறைந்தன. எங்கள் குறையில் ஏறக்குறையப் பாதி, செத்துப்போன நரம்பின் குறை!

புது மட்டையில் இன்னொன்றும் தெரிந்தது. அதில் கோட்டைத் தாண்டியவை அதே 4 தான். ஆனால் 10 பந்துகள் மைதானத்தின் நடுவிலேயே குட்டையாக விழுந்தன. முதல் நாள் மகிழ்ச்சியில் அவற்றை நாங்கள் எண்ணவே இல்லை. முழுதாக வீசினால் மட்டுமே அம்மட்டை நீளம் தரும். அரைகுறையாக வீசினால் எதிராளிக்கு எளிய பந்தாகிவிடும். வலைக்கு அருகில் ஆடும்போதும், வேகமான சர்வீஸைத் திருப்பும்போதும் அது பாறைபோல் அசையாமல் நின்றது உண்மையே.

கடைசி நாள் ஒன்பதாம் வகுப்புத் தங்கையோடு முழு ஆட்டம் ஆடினோம். முதல் செட்டைப் புது மட்டையால் 6–2 என வென்றோம். இரண்டாம் செட்டில் தோள் கனத்தது, வீச்சு தாமதித்தது, பந்துகள் சட்டத்தில் பட்டுத் தெறித்தன. 3–6 எனத் தோற்றோம். பிறகு ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஆசையோடு அதை வாங்கி அடித்துப் பார்த்தாள். ஆறு பந்துகளில் ஐந்து வலையைத் தாண்டவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “எனக்குத்தான் ஆட வரவில்லை, அக்கா” என்றாள். அந்தச் சொல் எங்களைச் சுட்டது. குற்றம் அவளிடம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

அன்று மாலை அறிக்கை எழுத உட்கார்ந்தபோது பேனா வெகு நேரம் ஓடவில்லை. மட்டை நல்லதா என்றால் நல்லதே. நெடுநாள் ஆடி, முழு வீச்சும் வலிவும் பெற்றவர்களுக்கு அது ஏற்றது. எங்களுக்கு அது ஒரு செட் வரைக்கும்தான். சிறியவர்களுக்கோ இப்போது ஆகவே ஆகாது. நாங்களோ இன்னும் சில மாதங்களில் பள்ளியை விட்டுப் போகிறவர்கள். ‘நான்கு எளிய மட்டைகள் வாங்குக, எங்கள் பழைய மட்டைகளுக்குப் புது நரம்பு போதும்’ என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டோம்.

கடைக்காரரிடம் அந்த அழகிய மட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது மனம் வலிக்கவே செய்தது. ஆனால் இன்று மாலை நேரங்களில் நான்கு சிறுமியர் புது மட்டைகளோடு ஆடுகின்றனர். அன்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டவளின் பந்து இப்போது வலையைத் தாண்டிப் போய் விழுகிறது.

எனவே தோழியரே, மட்டை வாங்கச் செல்லும்போது விலையையும் புகழ்பெற்றோர் பெயரையும் பார்க்காதீர்கள். உங்கள் தோளின் வலிவைப் பாருங்கள். ஒரே நாளில் முடிவு செய்யாமல், களைத்த பிறகும் ஆடிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாகப் பழைய மட்டையின் நரம்பை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கூடம் கோணலா, இல்லையா என்பது அப்போது விளங்கும்.