குளக்கட்டு எழும்பினால் போதுமா?

இடம்பெயர்ந்து மீண்டும் குடியேறிய ஒரு கிராமத்தின் சிறு குளத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்க்கச் சென்றோம். குளக்கட்டு புதிதாக உயர்த்தப்பட்டிருந்தது, துருசும் புதியது. ஆனால் கடைசி வாய்க்காலில் சொட்டு நீரில்லை. தலைப்பிலுள்ளோர் தேவைக்கு மேல் பாய்ச்சினார்கள். நடுவில் வாய்க்காலைப் பற்றை மூடியிருந்தது. கடைசி வயற்காரரோ இன்னும் உறவினர் வீடுகளில் ஒண்டியிருந்தமையால், அவர்களுக்காகப் பேச எவரும் இருக்கவில்லை.

இந்த அனுபவம் எமக்குப் புதிதன்று. மாதுறு ஓயாவின் நீர் கடைசியில் வாழைச்சேனைக் களப்பையே வந்தடைகிறது. இந்த ஆற்றை அண்டிய எமது மக்கள் 1990இலும், 2006இன் இறுதியில் வாகரைச் சண்டையின்போதும் வயலையும் மாட்டையும் விட்டு ஓடினார்கள். திரும்பியபோது உடைந்த கட்டும் தூர்ந்த வாய்க்காலும் எல்லோர் கண்ணிலும் பட்டன. கண்ணில் படாத ஓர் இழப்பும் இருந்தது. யாருக்கு எப்போது தண்ணீர், யார் எந்தப் பங்கைத் துப்புரவு செய்வது என்ற ஒழுங்கும், அதை நடத்திய மனிதர் கூட்டமும் சிதறிப்போயிருந்தன.

முன்னர் இவ்வொழுங்கை வட்டவிதானை பார்த்தார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அவரது பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. இன்று 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்த கமக்காரர் அமைப்புகள் இயங்குகின்றன. சட்டம் மாறலாம், ஆனால் சட்டம் மட்டும் வாய்க்காலை வெட்டுவதில்லை.

கல்லோயா தரும் பாடம்

எமக்குத் தெற்கே, 1956இல் இனக்கலவரத்தில் இரத்தம் சிந்திய அதே கல்லோயாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே இடதுகரை வாய்க்காலின் மேற்பகுதியில் சிங்கள விவசாயிகள், கீழ்ப்பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகள். 1981இல் குளத்தில் கால்பங்கு நீரே இருந்தது. அப்போது கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த இளைஞர்களையும் யுவதிகளையும் அமைப்பாளர்களாக அனுப்பின. அவர்கள் விவசாயிகளோடு தங்கி, வீடு வீடாகச் சென்று குறை கேட்டார்கள். முதலில் சங்கம் அமைத்து நிருவாகத் தெரிவு நடத்தவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறும் சிலரைக் கூட்டி, முதலில் ஒரு வேலையைச் செய்யச் சொன்னார்கள். நெடுங்காலமாகத் தூர்ந்துகிடந்த வாய்க்கால்கள் சிரமதானத்தால் துப்புரவாகின. முறை வைத்து நீர் பாய்ச்சினார்கள். மிஞ்சியதைக் கீழுள்ளவருக்கு விட்டார்கள். வேலையில் நம்பிக்கை பிறந்த பின்னரே, எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒருவரைப் பிரதிநிதியாக்கினார்கள். அவருக்குச் சம்பளம் கிடையாது.

நிரந்தர வேலை கிடைத்ததும் அமைப்பாளர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். ஆனால் விவசாயிகளின் குழுக்கள் நிலைத்தன. 1997 சிறுபோகத்தில் நெல்லுக்குப் போதிய நீரில்லை என்று அதிகாரிகள் கூறினார்கள். விவசாயிகளோ இருந்த நீரைப் பகிர்ந்து, சுமார் 65,000 ஏக்கரில் வழமையை விட நல்ல விளைச்சல் கண்டார்கள். சிங்களவரும் தமிழ் பேசுவோரும் ஒரே நீரைப் பகிர்ந்தது போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் என்பதை மறக்கலாகாது.

நாம் செய்யக்கூடியது

முதலாவது, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எமது இடத்தை விடக்கூடாது. நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டப்படி அங்கு எடுக்கும் முடிவு, வராதவரையும் கட்டுப்படுத்தும். இன்னும் வெளியூரில் இருப்பவர்களுக்குக் கூட்டத் தினத்தை அறிவிப்பது அயலவரின் கடமை.

இரண்டாவது, பெயர் பதிவு. கமநல சேவை நிலையத்தின் காணிப் பதிவேட்டில் உங்கள் வயல் உண்டா எனப் பாருங்கள். குடும்பத் தலைவனை இழந்த பெண்கள் பலர், இன்றும் இறந்தவரின் பெயரிலுள்ள வயலையே செய்கிறார்கள். அரச காணி அனுமதிப்பத்திரத்தின் பின்னுரிமையில் மகனை முற்படுத்திய பழைய ஒழுங்கு 2022இல் திருத்தப்பட்டது. ஆகவே பெண் பிள்ளைகளும் உரிமை கோரத் தயங்க வேண்டாம்.

மூன்றாவது, கடைசி வயற்காரனையும் குத்தகைக்குச் செய்பவனையும் அமைப்பில் அமர்த்துங்கள். தண்ணீர் எட்டாதவனுக்கே வாய்க்காலின் குறை முழுதாகத் தெரியும். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குளத்து நீரில் விதைக்கும் இடங்களில், இரு சாராரும் ஒரே பாயில் இருந்து பேசாமல் முறைப்பாய்ச்சல் நடவாது.

கட்டுக்கும் துருசுக்கும் வெளியிலிருந்து பணம் வரக்கூடும். ஒழுங்கை வெளியிலிருந்து எவரும் கொண்டுவர முடியாது. வரும் பெரும்போகத்துக்கு முன், உங்கள் வாய்க்காலில் நீர் பெறும் பத்துப் பதினைந்து பேர் ஒருநாள் மண்வெட்டியோடு கூடுங்கள். பேச்சை வேலை முடிந்த பிறகு, வாய்க்கால் கரையிலேயே வைத்துக்கொள்ளலாம்.