கவுச்சோக்களின் கடை: பம்பாஸ் சமவெளியின் புல்பெரியாக்கள்

மளிகைக்கடையும் மதுக்கடையும் ஒரே கூரையின் கீழ் நடந்த அர்ஜென்டினாவின் நாட்டுப்புறக் கடைக்குப் புல்பெரியா என்று பெயர். புவெனஸ் அயர்ஸ் மாகாணத்தைச் சூழ்ந்த பம்பாஸ் சமவெளியில், 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஊர்கள் வெகு தொலைவில் சிதறிக் கிடந்தன. உப்பு, சர்க்கரை, மாத்தே இலை, புகையிலை, துணி, மெழுகுவத்தி, கத்தி, குதிரைச் சாமான் என எது வேண்டுமானாலும் அந்த வெட்டவெளியில் இந்தக் கடையைத்தான் தேடி வர வேண்டும். கரும்புச் சாராயமும் ஜின்னும் ஒயினும் அங்கேயே ஊற்றிக் கொடுத்தார்கள். மாடு மேய்த்தும் குதிரை பழக்கியும் வாழ்ந்த கவுச்சோக்களுக்குச் சந்தை, சாவடி, செய்தி கிடைக்கும் இடம் எல்லாமே இதுதான்.

கட்டடம் எளியது. தொடக்கத்தில் சுடாத மண்கல் சுவரும் புல் வேய்ந்த கூரையும் இருந்தன; பிற்காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் வந்தன. வாசலில் குதிரைகளைக் கட்ட நீளமான மரக்கட்டை, பக்கத்தில் நிழலுக்கு ஒரு பந்தல். அந்தப் பந்தலடியில் சீட்டாட்டமும், மாட்டின் கணுக்கால் எலும்பை வீசி ஆடும் தாபா ஆட்டமும் நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரைப் பந்தயம். கித்தார் வைத்திருந்தால் கூட்டம் தங்கும் என்று கடைக்காரருக்குத் தெரியும். இருவர் எதிரெதிரே அமர்ந்து, அந்த நேரத்திலேயே கவி கட்டிப் போட்டியாகப் பாடும் பயாதா என்னும் கலை வளர்ந்த இடங்களில் புல்பெரியாவும் ஒன்று.

உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கிராதி. சரக்கு மேசையிலிருந்து மேலே எழும்பும் கம்பி அல்லது மரச்சட்டத் தடுப்பு அது. கடைக்காரர் ஒருபுறம், வாடிக்கையாளர் மறுபுறம். நடுவே குவளையும் பொட்டலமும் காசும் கைமாற ஒரு திறப்பு. கவுச்சோவின் இடுப்பில் எப்போதும் ஃபகோன் என்னும் நீண்ட கத்தி இருக்கும். இறைச்சி அறுக்கவும் தோல் உரிக்கவும் வைத்திருந்த அந்தக் கத்தி, குடிபோதையில் வாய்த்தகராறு முற்றும்போதும் வெளியே வரும். காவலர் வர நாள்கணக்காகும் இடத்தில் உயிரும் சரக்கும் பணமும் காக்கக் கடைக்காரருக்கு அந்தக் கிராதியே துணை. வாங்குபவனும் விற்பவனும் ஒருவரையொருவர் நம்பியும் நம்பாமலும் வாழ்ந்த ஒரு சமூகத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை.

நம்பிக்கைக்குச் சாட்சி கடைக்காரரின் பற்றுவரவு நோட்டு. ஆட்டுமயிர் கத்தரிக்கும் பருவத்திலும் மாடுகளுக்குச் சூடுபோடும் பருவத்திலும்தான் கூலி கைக்கு வரும். மற்ற மாதங்களில் கடனுக்கே சாமான் வாங்க வேண்டும். காசுக்குப் பதிலாகத் தோல், குதிரைமயிர், நந்துப் பறவையின் இறகு ஆகியவற்றையும் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். ஆட்டுமயிர் கத்தரித்தவர்களுக்கு ஆட்டுக் கணக்கில் தகர வில்லைகள் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அந்த வில்லைகள் புல்பெரியாவில் பணம்போலவே செல்லும். எழுத்தறியாத ஏழைகள் தம் வாழ்க்கையைப் பற்றி எதுவும் எழுதி வைத்துப் போகவில்லை. அவர்கள் என்ன உண்டார்கள், எதை உடுத்தினார்கள், எவ்வளவு கடன்பட்டார்கள் என்பதையெல்லாம் வரலாற்று ஆய்வாளர்கள் இத்தகைய கடைக் கணக்குகளிலிருந்துதான் மீட்டெடுக்கிறார்கள்.

அரசின் கையும் இங்கே நீண்டது. நிலமில்லாதவன் முதலாளியிடம் வேலை செய்வதற்கான சீட்டு வைத்திருக்க வேண்டும், இல்லையேல் நாடோடி எனப் பிடித்துப் படையில் சேர்க்கலாம் என்று 1815இல் புவெனஸ் அயர்ஸில் ஆணை பிறந்தது. ஆள் கூடும் இடம் புல்பெரியா என்பதால் ஆள்பிடிப்பும் அங்கேயே நடந்தது. ஹோசே எர்னாந்தெஸ் 1872இல் வெளியிட்ட மார்த்தின் ஃபியேரோ காவியத்தில் நாயகன் பாடிக்கொண்டிருக்கும்போதுதான் பிடிபட்டு எல்லைக் காவலுக்கு அனுப்பப்படுகிறான். அந்தக் காவியமே பின்னர் இதே கடைகளில் விற்பனைக்கு வந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். நாட்டுப்புறக் கடைக்காரர் ஒருவர் தீப்பெட்டி, பீர், சார்டின் மீன் டப்பா ஆகியவற்றோடு அந்நூலின் இரண்டாம் பகுதியில் பன்னிரண்டு படிகளும் கேட்டு மொத்த வியாபாரிக்குப் பட்டியல் அனுப்பியதாக, குடியரசுத் தலைவராக இருந்த நிக்கோலாஸ் அவெயானேடா குறிப்பிட்டிருக்கிறார்.

புகழ்பெற்ற புல்பெரியாக்களில் ஒன்று சான் அந்தோனியோ தே அரேக்கோ நகரின் லா பிளாங்கியாதா. ரிக்கார்தோ குயிரால்தெஸ் 1926இல் எழுதிய டான் செகுந்தோ சோம்ப்ரா நாவலில் சிறுவன் தான் பிடித்த மீனை விற்க வருவது இந்தக் கடைக்கே. 1938இல் திறக்கப்பட்ட கவுச்சோ அருங்காட்சியக வளாகத்தில் இப்போது இது ஓர் அங்கம். கிராதியும் அலமாரிகளும் உள்ளே காட்சிக்கு இருக்கின்றன. அரேக்கோ ஆற்றின் பக்கத்தில் இருப்பது இதற்கு அழகு, ஆபத்தும் அதுவே: 2009 டிசம்பர் வெள்ளம் அருங்காட்சியகத்துக்குள் புகுந்தது. மெர்சேதெஸ் நகருக்கு அருகே லூஹான் ஆற்றோரம் இன்னொரு புல்பெரியா உண்டு. 1830இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் இதைக் கடைசிப் புல்பெரியா என்றே பலரும் அழைக்கிறார்கள். லா பிளாங்கியாதாவில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: ஆட்கள் வந்து உட்கார்ந்து, குடித்து, பேசிப் போகிறார்கள். பாரம்பரிய மதிப்பை எடைபோடும்போது இந்தப் புழக்கத்தைச் சுவருக்கும் கூரைக்கும் சமமாக வைக்க வேண்டும்.

மற்றவை மறைந்ததற்குக் காரணங்கள் பல. 1857இல் முதல் ரயில் ஓடியது; பின் தண்டவாளம் நீள நீளச் சரக்கும் மக்களும் நிலையங்களை ஒட்டிய பெரிய பலசரக்குக் கடைகளை நாடினார்கள். கம்பிவேலி வந்து திறந்த சமவெளியைத் துண்டுபோட்டது. தன்னிச்சையாக அலைந்த கவுச்சோ பண்ணைக் கூலியானான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிளைப்பாதைகள் மூடப்பட்டபோது ரயிலை நம்பிப் பிறந்த ஊர்களும் காலியாயின.

எஞ்சியவற்றில் சில உணவகங்களாக மாறியிருக்கின்றன. கட்டடம் பூட்டிக் கிடந்து இடிவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் புதுப்பிக்கிறோம் என்று கிராதியைக் கழற்றுவதும், பல தலைமுறை முழங்கை பட்டுத் தேய்ந்த மேசையை இழைத்துப் பளபளப்பாக்குவதும் பெரும் இழப்பு. இத்தகைய கட்டடத்தில் சிற்பமோ அலங்காரமோ கிடையாது. புழங்கிய தடங்கள்தாம் அதன் செல்வம். மண்கல் சுவருக்கு சிமெண்டுப் பூச்சும் பகை. ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் சுவரை உளுத்துப்போகச் செய்யும். சுண்ணாம்புக் காரை பூசி, கூரை ஒழுகாமல் பார்த்து, மழைநீர் அடிச்சுவரில் தேங்காமல் வாய்க்கால் வெட்டி வைத்தால் மண்சுவர் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும்.