அகலத்துக்குத் தடை, நீளத்துக்கு வழி

நாமக்கல் பக்கம் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓரம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், நீண்ட வடிவங்களின் ஊர்வலமே பார்க்கலாம். கேஸ் டேங்கர் போகும், டீசல் டேங்கர் போகும், பின்னாலேயே முட்டை வண்டி வரும். லாரிக்கும் முட்டைக்கும் பேர்போன ஊர் அல்லவா! டேங்கர்கள் இரண்டும் நீளம், வண்டியில் போகும் முட்டையும் நீளம்தான். ஆனால் மூன்றும் நீண்டதற்குக் காரணம் ஒன்றல்ல.

கேஸ் டேங்கரைப் பின்னாலிருந்து பாருங்கள். சுத்தமான வட்டம், புடைத்த முனை. டீசல் டேங்கரின் பின்பக்கம் பெரும்பாலும் படுக்கைவாட்டில் அமுங்கிய நீள்வட்டமாக இருக்கும். சமையல் எரிவாயுவை அழுத்தித் திரவமாக்கித்தான் அடைக்கிறார்கள். அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தள்ளும். தட்டையான இடம் கிடைத்தால் அதைப் புடைக்க வைக்கும். நீள்வட்டம் கிடைத்தால் அதை வட்டமாக்கப் பார்க்கும். ஆகவே அங்கே வட்டத்தைத் தவிர வேறு வழியில்லை. சொல்லப்போனால் முழு உருண்டைதான் எல்லாவற்றிலும் சிறந்தது. சுத்திகரிப்பு ஆலைகளில் கால் ஊன்றி நிற்கும் ராட்சத உருண்டைகள் அதற்காகத்தான்.

உருண்டையைச் சாலைக்குக் கொண்டுவந்தால்? நம் நாட்டு விதிப்படி வாகனத்தின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த அளவு உருண்டையில் 9,200 லிட்டர்தான் கொள்ளும். கூடுதலாக ஏற்ற வேண்டுமானால் நீளவாக்கில் இழுப்பது ஒன்றே வழி. இழுத்ததற்கு விலையும் உண்டு. உருளையின் சுற்றுவாட்டில் தகடு தாங்கும் இழுவிசை, நீளவாட்டில் தாங்குவதைப் போல இரண்டு மடங்கு. அழுத்தம் மீறினால் உருளை பெரும்பாலும் நெடுக்கக் கிழிவது இதனால்தான்.

அகலத்துக்குத் தடை, அதனால் நீளம்: முட்டையின் கதையும் கிட்டத்தட்ட இதுவே. 2017-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மேரி காஸ்வெல் ஸ்டாடர்ட் தலைமையில் ஒரு குழு, 1,400 பறவை இனங்களின் ஏறத்தாழ 50,000 முட்டைகளை அளந்து 'சயின்ஸ்' இதழில் ஆய்வை வெளியிட்டது. நன்றாகப் பறக்கும் இனங்களின் முட்டை அதிகம் நீண்டோ ஒரு பக்கம் கூம்பியோ இருக்கும் போக்கு தெரிந்தது. பறப்பதற்கு ஒடுக்கமான உடல் தேவை. உள்ளே அகலத்துக்கு இடமில்லை. குஞ்சுக்கு வேண்டிய கொள்ளளவையும் குறைக்க முடியாது. எனவே நீளம் கூடியிருக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம். நம் கூண்டுக் கோழி எங்கே பறக்கிறது என்று கேட்பீர்கள். அது காட்டுக்கோழி வழிவந்தது. கூண்டில் அடைத்தவர்கள் நாம்தான்.

டீசல் டேங்கருக்கு வருவோம். அங்கே பெரிய அழுத்தம் இல்லை. கவலையெல்லாம் வண்டி கவிழ்ந்துவிடக் கூடாதே என்பதுதான். உதாரணத்துக்கு, 2.4 மீட்டர் அகலமும் 1.6 மீட்டர் உயரமும் உள்ள நீள்வட்டம் என்று வைத்துக்கொள்வோம். 6 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 18,000 லிட்டர் கொள்ளும். இதே கொள்ளளவுக்கு வட்டமாகச் செய்தால் விட்டம் 1.96 மீட்டர் ஆகும். நீள்வட்டத்தில் திரவத்தின் நடுப்புள்ளி 18 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. வளைவில் திரும்பும் வண்டிக்கு அது பெரிய பாதுகாப்பு. பதிலுக்குச் சுற்றுத் தகடு 3 சதவீதம் கூடுதலாகச் செலவாகும். கொடுக்கலாம், தப்பில்லை.

அந்தத் தகட்டை எவ்வளவு நீளம் வெட்டுவது? நீள்வட்டத்தின் பரப்புக்கு எளிய சூத்திரம் உண்டு. சுற்றளவுக்குத் துல்லியமான எளிய சூத்திரமே கிடையாது. நம் ராமானுஜன் 1914-இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு அருமையான தோராயச் சூத்திரம் ஒன்றைத் தந்தார். அதன்படி நம் டேங்கருக்கு 6.346 மீட்டர் வருகிறது. இரண்டு ஆரங்களின் சராசரியை எடுத்து வட்டக் கணக்குப் போட்டால் 6.283. வித்தியாசம் 6 சென்டிமீட்டர். வெல்டிங் வைக்கும்போது ஓரமும் ஓரமும் சேராது! விளையாட்டு மைதானத்தின் 400 மீட்டர் ஓடுபாதைக்கு இந்தத் தொல்லை இல்லை. பலரும் அதை நீள்வட்டம் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது 84.39 மீட்டர் நேர்கோடுகள் இரண்டும் அரைவட்டங்கள் இரண்டும் சேர்ந்தது. காப்ஸ்யூல் மாத்திரையின் பக்கவாட்டுத் தோற்றமும் அதுவே.

நீண்ட தொட்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பிரேக் போட்டதும் உள்ளே இருக்கும் திரவம் மொத்தமாக முன்னே பாயும். தொட்டிக்குள் ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகளை வைப்பது அந்த வேகத்தை உடைக்கத்தான். ஆனாலும் முழுதாக அடக்க முடியாது. சூட்டில் திரவம் விரியும் என்பதால் டேங்கரைக் கழுத்துவரை நிரப்புவதில்லை; அந்தக் காலியிடம்தான் அலைக்கு இடம் கொடுக்கிறது. பாதி நிரம்பிய தொட்டியில் ஆட்டம் இன்னும் மோசம். வண்டி நின்ற பிறகும் பின்னாலிருந்து ஒரு தள்ளு வரும். ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த அலையை அவர் பிடித்து நிறுத்த முடியாது.

ஆகவே இருசக்கர வாகனக்காரர்களுக்கும் கார்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: டேங்கரை முந்திய கையோடு அதற்கு முன்னால் புகுந்து பிரேக் போடாதீர்கள்.