கையளவும் மவுஸும்

கணினி விளையாட்டுக்கென விற்கப்படும் மவுஸ்களின் பெட்டிகளில், டிபிஐ எவ்வளவு, வினாடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தகவல் அனுப்பும், பட்டன் எத்தனை கோடி அழுத்தங்களைத் தாங்கும் என்னும் எண்களெல்லாம் பெரிய எழுத்தில் அச்சிடப்படுகின்றன. எந்த அளவுள்ள கைக்கு அது பொருந்தும் என்ற செய்தி மட்டும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. நடுத்தர விலை மவுஸ்களில்கூட இன்று நல்ல சென்சார் அமைந்துவிடுவதால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஆட்டத்தில் உணரப்படும் வேறுபாடு, உள்ளிருக்கும் மின்னணுப் பாகங்களைவிட, உருவம், எடை, கையில் அமரும் விதம் ஆகியவற்றிலிருந்தே மிகுதியாகப் பிறக்கிறது. ஆகவே மவுஸைத் தேர்ந்தெடுப்போர் முதலில் அளக்க வேண்டியது தங்கள் கையையே.

அளக்கும் முறை எளியது. கையை விரித்து, விரல்களைச் சேர்த்து மேசைமேல் மல்லாத்தி வைத்து, மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை உள்ள தொலைவைக் கையின் நீளமாகவும், கட்டைவிரலை விட்டுவிட்டு நான்கு விரல்களின் அடிக்கணுக்களுக்குக் குறுக்கே உள்ள தொலைவை அகலமாகவும் கொள்ள வேண்டும். மவுஸின் நீளமும், விரல்கள் பற்றும் இடத்தில் அதன் அகலமும் முறையே இவ்விரண்டு அளவுகளிலும் ஏறக்குறைய 60 சதவீதம் இருக்கலாம் என்பது விளையாடுவோரிடையே வழங்கும் ஒரு தோராயக் கணக்கு. 20 செ.மீ. நீளமுள்ள கைக்கு 12 செ.மீ. மவுஸ் என்று இது சொல்லும். இதைச் சட்டமாகக் கொள்ளாமல் தேடலின் தொடக்கப்புள்ளியாகக் கொள்வதே பொருத்தம். ஏனெனில் ஒரே அளவுள்ள இரு கைகள் ஒரே மவுஸை இருவேறு விதமாகப் பிடிக்கக்கூடும்.

பிடிகளை மூன்றாக வகைப்படுத்துவது வழக்கம். உள்ளங்கை முழுவதும் மவுஸின் முதுகில் படிந்து, விரல்கள் பட்டன்கள்மேல் நீண்டு கிடப்பது பாம் கிரிப். இதற்கு நீளமும் உயரமும் உள்ள, முதுகு நன்கு மேடிட்ட உருவம் வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் மவுஸின் பின்முனையைத் தொட, விரல்கள் வளைந்து நின்று பட்டன்களை மேலிருந்து அழுத்துவது கிளா கிரிப். மேடு பின்பக்கம் தள்ளி அமைந்த மவுஸ் இதற்கு இசைவானது. உள்ளங்கை எங்கும் படாமல் விரல்நுனிகளால் மட்டுமே மவுஸை ஏந்தி நகர்த்துவது ஃபிங்கர்டிப் கிரிப். இதற்குக் குட்டையான, தாழ்வான, எடை குறைந்த மவுஸே ஏற்றது. பலரின் பிடி இவற்றில் இரண்டுக்கு நடுவே விழுவதும், ஆட்டத்தின் பரபரப்பில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதும் இயல்பு. ஆதலால், கை ஓய்வாக இருக்கும்போது எப்படிப் பிடிக்கிறது என்பதைவிட, ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் எப்படிப் பிடிக்கிறது என்பதைக் கவனித்து முடிவு செய்வது நல்லது.

உருவத்தின் ஆற்றலுக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் 3.0 சிறந்த சான்று. அலுவலகத்துக்கும் வீட்டுக்குமென உருவான இந்த வலக்கை மவுஸ், 2000-களில் கவுண்டர்-ஸ்ட்ரைக் என்னும் கணினி விளையாட்டை ஆடுவோரிடம் பெரும் மதிப்பைப் பெற்றது. ஸ்வீடனைச் சேர்ந்த புகழ்பெற்ற கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆட்டக்காரரான எமில் கிறிஸ்டென்சனுடன் இணைந்து ஸோவி நிறுவனம் உருவாக்கிய ஈசி வரிசை மவுஸ்கள் இதே உருவத்தைப் பின்பற்றியவை. வரிசையின் பெயரும் அவருடைய பெயரின் முதலெழுத்துகளே. இவற்றில் ஈசி1 ஏறக்குறைய 128 மி.மீ., ஈசி2 ஏறக்குறைய 120 மி.மீ. நீளமாக வெளிவந்தன. ஒரே உருவத்தைக் கையளவுக்கேற்ப வெவ்வேறு அளவுகளில் தரும் இந்தப் பழக்கம், மற்ற நிறுவனங்களும் மேற்கொள்ளத்தக்கது. மைக்ரோசாஃப்டும் 2017-இல் அந்தப் பழைய உருவத்துக்கே திரும்பி, கிளாசிக் இன்டெல்லிமவுஸ் என்ற பெயரில் அதை மீண்டும் வெளியிட்டது. உள்ளே இருந்த சென்சார் காலாவதியான பின்னும் மேலே இருந்த ஓடு காலாவதியாகவில்லை என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

எடையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2018-இல் வெளிவந்த லாஜிடெக் ஜி ப்ரோ வயர்லெஸ் 80 கிராம் எடையோடு கம்பியில்லா மவுஸும் இலேசாக இருக்க முடியும் என்று காட்டியது. 2020-இல் அதன் அடுத்த வடிவம் 63 கிராமுக்கும் கீழே இறங்கியது. இடையில், ஓட்டில் தேன்கூடு போலத் துளையிட்டு எடை குறைத்த மவுஸ்களும் பரவின. கையை வீசி ஆடுவோருக்கு எடைக்குறைவு உண்மையான உதவி; ஆனால் கைக்குப் பொருந்தாத உருவத்தை எத்தனை கிராம் குறைத்தாலும் அது பொருந்திவிடாது.

இனி, விற்பனைப் பெட்டிகளில் ஒருபோதும் பேசப்படாததும், கைக்கும் மவுஸுக்கும் உள்ள உறவை வேறு எதையும்விட நன்கு விளக்குவதுமான ஒரு செய்திக்கு வரலாம். அது மவுஸின் அடிவயிற்றில் சென்சார் அமைந்திருக்கும் இடம். மவுஸைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு சிறு துளையும் அதனுள் லென்ஸும் தெரியும்; அதற்குப் பின்னால் இருக்கும் நுண்ணிய கேமரா, மேசைப் பரப்பை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, பரப்பு எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. கணினிக்குத் தெரிவது அந்த ஒரு புள்ளியின் நகர்வு மட்டுமே. மவுஸின் தலை எந்தத் திசையை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதை அறிய அதற்கு வழியே இல்லை.

இதன் முதல் விளைவு வேகத்தைப் பற்றியது. கதவைத் திறக்கும்போது கீலுக்கு அருகிலுள்ள பகுதி சிறிதே நகர, கைப்பிடி உள்ள ஓரம் நெடுந்தூரம் செல்வதைப் போல, மணிக்கட்டை மேசையில் ஊன்றி மவுஸை வீசும்போது, மணிக்கட்டிலிருந்து தொலைவில் இருக்கும் சென்சார் அதே கோணத்துக்கு நீண்ட வில்லை வரைகிறது. மணிக்கட்டுக்கும் சென்சாருக்கும் இடையே 12 செ.மீ. இருந்தால், 30 பாகை வீச்சில் சென்சார் ஏறக்குறைய 6.3 செ.மீ. நகரும், அதே இடைவெளி 14 செ.மீ. ஆனால் 7.3 செ.மீ. நகரும். 800 டிபிஐ அமைப்பில், அதாவது ஓர் அங்குல நகர்வுக்கு 800 எண்ணிக்கைகளை மவுஸ் அனுப்பும் அமைப்பில், முதலாவது ஏறக்குறைய 1,980 எண்ணிக்கைகளையும், இரண்டாவது 2,310 எண்ணிக்கைகளையும் கணினிக்கு அனுப்பும். கை செய்த வேலை ஒன்றே, அமைப்பில் இருக்கும் டிபிஐ ஒன்றே, ஆயினும் திரையில் குறி ஆறில் ஒரு பங்கு கூடுதலாக ஓடுகிறது. சென்சார் முன்தள்ளி அமைந்த மவுஸுக்கு மாறுபவர், மற்ற எல்லா அமைப்புகளையும் பழையபடியே வைத்தும் குறி இலக்கைத் தாண்டி ஓடுவதாக உணர்வது இதனால்தான். இந்த இடைவெளி மவுஸை மட்டும் பொறுத்ததன்று. பாம் கிரிப்பில் பிடிப்பவர் மவுஸை விரல்நுனிகளுக்கு மாற்றியதும் அது மணிக்கட்டை விட்டு முன்னே செல்ல, சென்சாரும் உடன் செல்கிறது. முழங்கையை அச்சாகக் கொண்டு கையை வீசுவோரிடம் இடைவெளி 40 செ.மீ. அளவுக்குப் போய்விடுவதால், 2 செ.மீ. வேறுபாடு அங்கே 5 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது விளைவு இன்னும் வியப்பானது. மணிக்கட்டை ஊன்றி வீசும் கை மேசைமேல் ஒரு வில்லைத்தான் வரைகிறது. ஆனால் திரையில் குறி வரைவது நேர்கோடு. மவுஸ் நகர்ந்துகொண்டே தானும் திரும்புவதால், அதன் பார்வையில் நகர்வு எப்போதும் ஒரே பக்கமாகவே அமைகிறது; திரும்பியதைச் சென்சார் அறியாததால் வில்லின் வளைவு முழுவதும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. மவுஸின் அச்சு, மணிக்கட்டிலிருந்து சென்சாரை நோக்கிய திசைக்கு நேராக இருக்குமாறு பிடித்தால் திரையில் இந்தக் கோடு கிடைமட்டமாக இருக்கும். அந்தத் திசைக்கும் மவுஸின் அச்சுக்கும் இடையே 10 பாகை சாய்வு இருந்தாலோ, திரையில் கோடும் ஏறக்குறைய அதே அளவு சாய்ந்தே ஓடும். பக்கவாட்டில் வேகமாக வீசும்போது குறி மேலேயோ கீழேயோ நழுவுகிறது என்று வருந்துவோர் பலர் சென்சாரைக் குறை கூறுவார்கள்; அவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது தங்கள் பிடியின் சாய்வையே. அந்தச் சாய்வை ஈடுசெய்வதற்கென்றே சில மவுஸ்களின் மென்பொருளில் கோணத்தைத் திருத்தும் வசதி இடம்பெற்றுள்ளது.

இதை எவரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸில் சுட்டியின் வேகத்தைத் தானே மாற்றும் வசதியை அணைத்துவிட்டு, பெயிண்ட் மென்பொருளைத் திறந்து, மணிக்கட்டை அசையாமல் ஊன்றி, இடப் பட்டனை அழுத்தியபடியே மவுஸை இடமும் வலமும் வீச வேண்டும். திரையில் தோன்றும் கோட்டின் சாய்வு, பிடியின் சாய்வைக் காட்டிவிடும். மேசையில் கை வரைந்த வில்லையும் திரையில் விழுந்த நேர்கோட்டையும் ஒருசேரப் பார்ப்பவருக்கு, மவுஸின் நடத்தை என்பது கருவியும் கையும் சேர்ந்து உண்டாக்குவது என்பது விளக்கமின்றியே புரியும்.

இவ்வளவும் அறிந்தபின் டிபிஐ பற்றிய விளம்பரங்களை எடைபோடுவது எளிது. மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது எத்தனை எண்ணிக்கைகளை அனுப்புகிறது என்பதே டிபிஐ. இன்று 25,000-க்கும் மேற்பட்ட டிபிஐ பெருமையோடு விளம்பரப்படுத்தப்படுகிறது. 1,920 பிக்செல் அகலமுள்ள திரையில் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு பிக்செல் என்று வைத்துக்கொண்டால், 25,000 டிபிஐ-யில் மவுஸ் 2 மில்லிமீட்டர் நகர்வதற்குள்ளாகவே குறி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடும். மனிதக் கை ஆளக்கூடிய எல்லைக்கு இது அப்பாற்பட்டது. கவுண்டர்-ஸ்ட்ரைக் தொழில்முறை ஆட்டக்காரர்களிடையே 400, 800 ஆகிய அமைப்புகளே பரவலாக உள்ளன. தகவல் அனுப்பும் வேகம் வினாடிக்கு 125 முறையிலிருந்து 1,000 முறையாக உயர்ந்தபோது காத்திருக்கும் நேரம் 8 மில்லிவினாடியிலிருந்து 1 மில்லிவினாடியாகக் குறைந்தது; அது பொருளுள்ள முன்னேற்றம். ஆனால் கைக்கு எட்டாத டிபிஐ-க்காகப் பணம் கொடுப்போர், பயன்படுத்தவே முடியாத ஒன்றை வாங்குகிறார்கள்.

கையை மறந்த இந்தப் போக்கால் மிகவும் இழப்பவர்கள் இடக்கையரும் சிறிய கையுடையோரும் ஆவர். இருபுறமும் ஒத்த உருவமுடையவை என்று சொல்லப்படும் பல மவுஸ்களில் கட்டைவிரல் பட்டன்கள் இடப்பக்கம் மட்டுமே இருப்பதால், இடக்கையரின் கட்டைவிரல் வெற்று ஓட்டின்மேல் கிடக்கிறது. ஜி ப்ரோ வயர்லெஸ்ஸில் இருபுறமும் பொருத்தவோ கழற்றவோ கூடியனவாக இருந்த பக்கப் பட்டன்கள், எடை குறைந்த அடுத்த வடிவத்தில் இடப்பக்கத்தோடு நின்றுவிட்டன. சில கிராம் எடைக்காக ஒரு சாராரின் கையையே கணக்கிலிருந்து நீக்குவது முன்னேற்றம் ஆகாது. சிறுவர்களிடமும் வளர்ந்தோருக்கான மவுஸே கொடுக்கப்படுகிறது. பட்டனை எட்டுவதற்காக அவர்கள் கையை முன்னே இழுத்து, மணிக்கட்டை மேல்நோக்கி மடித்து, மணிக்கணக்கில் அப்படியே ஆடுகிறார்கள். 2010 வாக்கில் மேட் கேட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ராட் 7 மவுஸில் உள்ளங்கை தாங்கியையும் கட்டைவிரல் பலகையையும் கைக்கேற்ப நகர்த்திப் பொருத்த முடிந்தது. எடை கூடியிருந்தாலும், கை கருவிக்கு வளைய வேண்டியதில்லை, கருவிதான் கைக்கு வளைய வேண்டும் என்ற அதன் நோக்கம் சரியானது. அந்த நோக்கம் தொழிலில் வேரூன்றாமல் போனது வருந்தத்தக்கது.

வாங்குவோரின் கடமையும் இங்கு உண்டு. பொருந்தாத மவுஸ் முதல் நாளிலேயே வலி தராது. சுண்டுவிரல் மேசையில் உரசுவது, மோதிரவிரல் தங்க இடமின்றி மடங்குவது, மவுஸைத் தூக்கும்போது கட்டைவிரல் இறுகுவது என்று சிறு அறிகுறிகளாகவே அது தொடங்கும். அவற்றைப் பழக்கக் குறைவு என்று ஒதுக்காமல், அரைமணி நேரம் தொடர்ந்து ஆடிய பின்னும் கை இலேசாக இருக்கிறதா என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். மரத்துப்போதலோ விடாத வலியோ தோன்றினால் மவுஸை மாற்றுவதோடு நில்லாமல் மருத்துவரையும் அணுக வேண்டும். நண்பரின் மவுஸிலோ, கணினி விளையாட்டு மையத்திலோ பிடித்துப் பார்த்த பின் வாங்குவது, வண்ண விளக்குகளைப் பார்த்து வாங்குவதைவிடப் பலமடங்கு பயன் தரும்.

தயாரிப்பாளர்களிடம் எதிர்பார்க்க வேண்டியது மிகச் சிறிது. நீளம், பற்றும் இடத்தின் அகலம், மேட்டின் உயரம், முன்முனையிலிருந்து சென்சார் வரையுள்ள தொலைவு, பொருந்தும் கையளவு ஆகிய ஐந்து அளவுகளும் பெட்டியின்மேல் டிபிஐ எண்ணுக்கு நிகரான எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். இவற்றை அச்சிடப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. வடிவமைப்பு வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கும் எண்களை வாங்குவோரிடம் மறைக்காமல் சொன்னால் போதும். வாங்குவோரும் கடைக்குச் செல்லும்போது தங்கள் கையின் நீளத்தையும் அகலத்தையும் அறிந்து சென்று, பெட்டியில் இல்லாத இந்த அளவுகளைக் கேட்கத் தொடங்கினால், அவற்றை அச்சிட்டுத் தரும் நிலை தானாகவே உருவாகும்.