ஒன்பதாம் இடம்

பரீட்சையில் தேறாத பிள்ளைக்கு ஆறுதல் சொல்வது எளிது. "கணக்கில் ஐந்து மார்க் குறைந்துவிட்டது, அடுத்த தடவை பார்த்துக்கொள்" என்று சொல்லி முடித்துவிடலாம். இன்டர்வியூவில் தேறாத மாணாக்கனுக்கு என்ன சொல்வது? அவனுக்கு மார்க்கும் தெரியாது. திருத்திய விடைத்தாளும் கிடையாது. காலையில் சலவைச் சட்டையும் டையுமாகப் போனவன், மாலையில் பட்டியலில் பெயர் இல்லையென்று திரும்பி வருகிறான். நடுவில் நேர்ந்த பிழை இன்னதென்று அவனிடம் யாரும் சொல்வதில்லை. ஆகவே அவனே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறான். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது ஒன்று, "எல்லாம் சிபாரிசு, ஐயா!" என்பது மற்றொன்று. இவ்விரண்டில் எதைப் பற்றிக்கொண்டாலும், அடுத்த இன்டர்வியூவுக்கு அதனால் எள்ளளவும் பிரயோஜனம் இல்லை என்பதே நம் அபிப்பிராயம்.

இதற்கு நல்லதொரு திருஷ்டாந்தம் நம் நாட்டிலேயே இருக்கிறது.

1958-ஆம் ஆண்டு. இராமேசுவரத்தில் பிறந்து, சென்னைக் குரோம்பேட்டையில் விமானப் பொறியியல் படித்து முடித்த அப்துல் கலாம் என்னும் இளைஞருக்கு இரண்டு இன்டர்வியூக்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று டில்லியில், பாதுகாப்பு அமைச்சகத்தின் விமானத் தொழில்நுட்ப இலாகாவில். மற்றொன்று டேராடூனில், விமானப் படையில். அவருடைய உள்ளம் நாடியதெல்லாம் இரண்டாவதைத்தான். ஆகாயத்தில் பறக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய கனவு.

டேராடூனுக்கு வந்திருந்தவர்கள் இருபத்தைந்து பேர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எட்டுப் பேர். கலாமுக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம்!

எட்டாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் எவ்வளவு தூரம்? தகுதியில் மயிரிழையாக இருக்கலாம். பலனிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஒன்பது இடங்கள் காலியாக இருந்திருந்தால் அதே மனிதர், அதே விடைகளைச் சொல்லித் தேறியிருப்பார். இது முதற்பாடம். இன்டர்வியூ என்பது நம்மை மட்டும் அளப்பதன்று. அன்றைய தினம் உடன் வந்தவர்களையும், காலியான இடங்களையும் சேர்த்தே அளக்கிறது.

இரண்டாம் பாடம் இன்னும் முக்கியமானது. டில்லியில் கேட்டவர்கள் படிப்பைப் பற்றிக் கேட்டார்கள். கேள்விகள் அவருக்குச் சுலபமாகவே இருந்தன. டேராடூனிலோ படிப்பைக் காட்டிலும் ஆளின் தோரணையையும் சுறுசுறுப்பையும் கவனித்தார்கள் என்று கலாம் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் எழுதினார். ஒரே ஆள், ஒரே படிப்பு. தராசு மட்டும் வேறு. இந்த வேற்றுமையைக் கண்டுகொண்டவனுக்கே தோல்வி ஆசிரியனாகிறது.

மனம் சோர்ந்த கலாம் ரிஷிகேசம் சென்று சுவாமி சிவானந்தரைத் தரிசித்தார். நடந்ததை ஏற்றுக்கொண்டு மேலே செல்லும்படி சுவாமிகள் தேற்றினார். டில்லிக்குத் திரும்பியதும் அங்கே நியமன உத்தரவு காத்திருந்தது. அடிப்படைச் சம்பளம் மாதம் ரூபாய் 250. சில ஆண்டுகளுக்குப் பின் பம்பாயில் மற்றோர் இன்டர்வியூ. கேட்டவர்களில் ஒருவர் விக்ரம் சாராபாய். அவர் கேட்ட கேள்விகள் தெரிந்ததைச் சோதிப்பவையாக இல்லாமல், இனி என்ன செய்யக்கூடும் என்பதை ஆராய்பவையாக இருந்தனவாம். அங்கே தேறியவர்தான் தும்பாவுக்குச் சென்று ராக்கெட் வேலையில் இறங்கினார்.

நமது மாணாக்கர் இதிலிருந்து கைக்கொள்ள வேண்டியது என்ன? இப்போது கம்பெனிகள் கல்லூரிகளுக்கே வந்து ஆள் எடுக்கின்றன. எழுத்துத் தேர்வு, குழு விவாதம், தொழில்நுட்பப் பேட்டி, பொதுப் பேட்டி என்று பல படிகள். எந்தப் படியில் வழுக்கினோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். எழுத்துத் தேர்வில் நின்றுவிட்டால் குறை பெரும்பாலும் வேகத்தில். கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு பழகினால் தீரும். குழு விவாதத்தில் நின்றுவிட்டால், வாய் திறவாமல் இருந்தோமா, பிறரைப் பேசவிடாமல் முழங்கினோமா என்று யோசிக்க வேண்டும். தொழில்நுட்பப் பேட்டியில் பலரைக் கவிழ்ப்பது கடினமான கேள்வி அன்று. "நீர் செய்த புராஜெக்டை விளக்கும்" என்னும் சாதாரணக் கேள்விதான். நண்பன் செய்த வேலையில் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டவன் அங்கே திருதிருவென்று விழிக்கிறான். "உம்மைப் பற்றிச் சொல்லும்" என்றதும் நெட்டுருப் போட்டதை ஒப்பிப்பவன் கடைசிப் படியில் விழுகிறான்.

ஆகவே இன்டர்வியூ முடிந்த அன்றிரவே, உறங்குவதற்கு முன், கேட்ட கேள்விகளையும் சொன்ன விடைகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். மறுநாளானால் மனம் நடந்ததை மாற்றிவிடும். தடுமாறிய கேள்வியை ஆசிரியரிடம் கேட்டுத் தெளியலாம். சிநேகிதர்களைக் கேள்வி கேட்கச் சொல்லி மறுபடியும் விடை சொல்லிப் பார்க்கலாம். இவ்விதம் மூன்று நான்கு இன்டர்வியூக்களின் குறிப்பு சேர்ந்தால், ஒரே குறை திரும்பத் திரும்பத் தலைகாட்டுவது புலப்படும். யாரும் திருத்திக் கொடுக்காத விடைத்தாள் அதுவே.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையோ பெண்ணோ வாசற்படி ஏறும்போதே, "அடுத்த வீட்டுப் பையனுக்குக் கிடைத்துவிட்டதாமே!" என்று வரவேற்காதீர்கள். முதலில் காப்பி கொடுங்கள். பிறகு, "என்ன கேட்டார்கள்?" என்று விசாரியுங்கள். "ஏன் கிடைக்கவில்லை?" என்பதற்கு அவர்களிடம் விடை இராது, "என்ன கேட்டார்கள்?" என்பதற்கு உண்டு.

ஒன்பதாம் இடத்தில் நின்றவர் 2002-இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். 2006-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி, எழுபத்து நான்காம் வயதில், புனாவில் விமானப் படையின் சுகோய் விமானம் ஏறி ஆகாயத்தில் பறந்தார். தோற்றவர் எல்லோரும் குடியரசுத் தலைவராக முடியாதுதான். ஆனால் தோற்ற அன்றிரவு நோட்டுப் புத்தகத்தைத் திறக்க யாராலும் முடியும்.