டீசல் முள் காட்டும் கணக்கு

திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும், பின்புறச் சுவரை ஒட்டித் தகரக் கூரையின் கீழ் ஒரு ஜெனரேட்டர் நிற்பதைக் காணலாம். 2008-இல் தொடங்கி 2012-இல் உச்சத்தைத் தொட்ட மின்வெட்டுக் காலத்தில் இந்த நகரத்தைத் தாங்கி நின்றவை அவைதாம். இன்று மாதாந்திரப் பராமரிப்பு நாளிலும், கோடை மழையில் கம்பி அறுந்து விழும் மாலையிலும் மட்டுமே அவற்றுக்கு வேலை. ஆனால், அவற்றின் டீசல் தொட்டியிலுள்ள அளவுகாட்டியை முன்னிட்டு எழும் தகராறு மட்டும் குறைந்தபாடில்லை.

அந்தத் தகராறு பெரும்பாலும் ஒரே கேள்வியில் தொடங்கும்: "முள்ளு இவ்வளவு இறங்கியிருக்கே, டீசலை யார் எடுத்தது?"

நான் பொருளாதாரம் கற்பித்தவன், மின்பணியாளன் அல்லன். எனினும், சிறு தொழிற்கூடங்களின் கணக்குகளை நெடுங்காலம் பார்த்து வந்தவன் என்ற முறையில், இந்தச் சிறு கருவி எப்படிப் பிழைபடுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கேள்விக்கு உரிய விடை, பல நேரங்களில் 'யாரும் எடுக்கவில்லை' என்பதே.

கருவியின் அமைப்பு எளியது. தொட்டிக்குள் ஒரு மிதவை; அதனுடன் இணைந்த ஒரு கை. டீசல் மட்டம் ஏறி இறங்கும்போது அந்தக் கை ஒரு மின்தடையின் மீது நகர்கிறது. தடையின் மாற்றத்துக்கு ஏற்ப முகப்பிலுள்ள முள் அசைகிறது. ஆக, முள் காட்டுவது டீசலின் உயரத்தை. நாம் அறிய விரும்புவதோ டீசலின் கொள்ளளவை. பெட்டி வடிவத் தொட்டியில் இரண்டும் ஒன்றாகவே நடக்கும். படுக்கவைத்த உருளைத் தொட்டியில் அப்படி நடப்பதில்லை.

இங்கே தனித் தொட்டி வைத்திருப்போரில் பலரிடம் இருப்பது 990 லிட்டர் கொள்ளளவுத் தொட்டி. இந்த எண்ணுக்குக் காரணம் 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம். ஒரே கலத்தில் 1,000 லிட்டருக்கு மிகாமலும், ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மிகாமலும் டீசல் வைத்திருந்தால் உரிமம் தேவையில்லை என்கிறது அச்சட்டம். எல்லைக்குப் பத்து லிட்டர் முன்பாகவே நின்றுகொள்வது நம் தொழில்முனைவோரின் முன்னெச்சரிக்கை.

இந்த 990 லிட்டர் தொட்டி படுக்கவைத்த உருளையாக இருப்பதாகக் கொள்வோம். முள் பாதியில் நின்றால் உள்ளே பாதி டீசல், அதாவது 495 லிட்டர் இருக்கும், அதில் பிழையில்லை. முள் காலில் நின்றால்? 247 லிட்டர் இருக்கும் என்றே எவரும் எண்ணுவர். உண்மையில் இருப்பது ஏறத்தாழ 194 லிட்டர்தான். உருளையின் அடிப்பகுதி குறுகலானது என்பதால், கால் பங்கு உயரத்தில் கொள்ளளவு 19.6 விழுக்காடே. முள் பத்தில் ஒரு பங்கைக் காட்டும்போது 99 லிட்டருக்குப் பதிலாக 52 லிட்டர்தான் எஞ்சியிருக்கும். அதிலும் அடியில் படியும் கசடு இன்ஜினுக்குள் போகாமலிருக்க, உறிஞ்சு குழாயைச் சில சென்டிமீட்டர் மேலே பொருத்தியிருப்பார்கள். அதற்குக் கீழே உள்ள டீசல் இருந்தும் இல்லாததே.

இது வெறும் வடிவியல் அன்று. என் முன்னாள் மாணவர் ஒருவரின் தொழிற்கூடத்தில், ஜெனரேட்டரைக் கவனித்துக்கொண்ட பணியாளர் மீது இதே கணக்குதான் பழியாக விழுந்தது. முள் காலில் இருந்தபோது மின்சாரம் நின்றது. அவர்களுடைய இயந்திரத்துக்கு மணிக்கு 20 லிட்டர் வேண்டும். ஆகவே 12 மணி நேரம் ஓடும் என்று உரிமையாளர் கணக்கிட்டிருந்தார். பத்து மணி நேரம்கூட ஆகவில்லை, இன்ஜின் நின்றுவிட்டது. 54 லிட்டர் 'காணோம்'. லிட்டருக்கு 90 ரூபாய் என்று வைத்தாலே 4,860 ரூபாய். அந்தத் தொகை அவருடைய சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. டீசல் தீர்ந்ததால் குழாயில் காற்றுப் புகுந்து, அதை வெளியேற்றி இயந்திரத்தை மீண்டும் ஓட்டுவதற்குள் பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தனர். அந்த நேரத்துக்கு அவர்களுக்குக் கூலியில்லை. இதுவே ஒரு சாயக்கூடமாக இருந்திருந்தால், ஓடிக்கொண்டிருந்த துணி இயந்திரத்துக்குள்ளேயே நின்று, மடிப்புத் தடமும் திட்டுத் திட்டான நிறமுமாக வெளியே வந்திருக்கும்.

உருளையின் கணக்கை ஒரு தாளில் வரைந்து காட்டிய பிறகு அந்தப் பணம் திருப்பித் தரப்பட்டது. ஆனால், அந்தப் பணியாளர் அடுத்த மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். பேரேட்டில் எழுத இயலாத செலவு அது.

வெப்பமும் ஒரு 'திருடன்'. ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் டீசல் ஆயிரத்தில் 0.8 பங்கு அளவுக்கு விரியும், சுருங்கும். வெயில் நேரத்தில் சூடாக வந்திறங்கிய 990 லிட்டர், பத்து டிகிரி குளிர்ந்ததும் சுமார் 8 லிட்டர் குறைந்து நிற்கும். எடை குறையவில்லை, அதிலுள்ள ஆற்றலும் குறையவில்லை. மட்டம் மட்டுமே இறங்கியது. மாலையில் பார்த்ததற்கும் விடியலில் பார்த்ததற்கும் உள்ள இந்த வேறுபாட்டை வைத்து இரவுக் காவலரை விசாரித்த இடங்களும் உண்டு.

இவையெல்லாம் கருவி நன்றாக இருக்கும்போதே நேரும் பிழைகள். கருவி உண்மையிலேயே பழுதாவதும் உண்டு. மாதக்கணக்கில் ஓடாத தொட்டியில் கசடு ஒட்டி மிதவை சிக்கிக்கொள்ளும். மின்தடைச் சுருள் தேயும். இணைப்பில் துரு ஏறும். எங்கே பழுது என்று அறிய ஒரு சோதனை போதும். முகப்புக் கருவிக்கு மிதவையிலிருந்து வரும் கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிறகு அதே முனையை எர்த்துடன் ஒரு கணம் இணைத்துப் பார்க்க வேண்டும். முள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடினால் முகப்புக் கருவி நலம். பழுது கம்பியிலோ மிதவையிலோதான். அசையாவிட்டால் முகப்புக் கருவியையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் சோதிக்க வேண்டும். தொட்டி மூடியைத் திறக்கும் முன் பேட்டரி இணைப்பை நீக்கிவிடுவது அவசியம்.

பாகம் மாற்றும்போதுதான் பெரிய குழப்பம் நேர்கிறது. அமெரிக்க முறைக் கருவிகளில் தொட்டி காலியானால் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். ஐரோப்பிய முறையில் இது தலைகீழ்: காலியானால் 10, நிறைந்தால் 180. கடையில் கிடைத்தது என்று ஒன்றின் மிதவையை மற்றொன்றின் முகப்புடன் இணைத்தால், டீசல் தீரத் தீர முள் மேலே ஏறும். புதிய பாகம் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் ஓம் எண்ணைக் கேட்பது நல்லது.

கடலில் செல்வோருக்கு இந்தப் பாடம் பழையது. படகின் தொட்டி அலைக்கு அலை ஆடும். மிதவையும் உடன் ஆடும். படகின் அடிவயிற்றுக்கு ஏற்பத் தொட்டியும் கீழே குறுகியிருந்தால், முள் பாதியைக் காட்டும்போது உள்ளே பாதிகூட இருக்காது. உப்புக் காற்று இணைப்புகளை அரித்துவிடும். ஆகவே, விவரமறிந்த படகோட்டி முள்ளை ஒரு குறிப்பாகவே கொள்வார். இன்ஜின் ஓடிய மணிக்கணக்கையே நம்புவார். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு என்பது உலகெங்கும் படகோட்டிகளிடையே வழங்கும் விதி. நடுக்கடலில் டீசல் தீர்ந்தால் யார் எடுத்தது என்று கேட்டுப் பயனில்லை.

ஜெனரேட்டரிலும் ஓடிய மணியைக் காட்டும் மீட்டர் இருக்கிறது. ஓரளவு நல்ல சுமையில் ஓடும் இயந்திரம் ஒரு லிட்டர் டீசலுக்கு 3 முதல் 3.5 யூனிட் வரை மின்சாரம் தரும். பெரிய இயந்திரத்தை வைத்துக்கொண்டு நான்கு தையல் மிஷின்களை மட்டும் ஓட்டினால் இந்த அளவு வெகுவாகச் சரியும். அதையும் திருட்டு என்று எண்ணிவிடக் கூடாது. ஓடிய மணி, உற்பத்தியான யூனிட், ஊற்றிய லிட்டர் ஆகிய மூன்றையும் ஒரே நோட்டில் எழுதி வந்தால், முள் பொய் சொல்லும் நாள் தானே தெரிந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலான மருந்து, ஓர் அளவுக் குச்சியும் ஒரு பட்டியலும். தொட்டி ஏறக்குறையக் காலியாக இருக்கும் நாளில், வாசலுக்கே வந்து டீசல் ஊற்றும் வண்டியின் மீட்டரைப் பார்த்து 50 லிட்டர் ஊற்ற வேண்டும். நிறுத்தி, குச்சியை இறக்கி, நனைந்த உயரத்தைக் குறிக்க வேண்டும். மீண்டும் 50 லிட்டர். இருபது முறைக்குள் தொட்டி நிறைந்துவிடும். ஒரு முற்பகல் செலவாகும். அந்தப் பட்டியலைத் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் எழுதிவிடலாம். அதன் பின் குச்சியின் உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்பதில் ஊகத்துக்கு இடமில்லை.

குச்சி மட்டும் போதாது, பட்டியலும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு ஏர் கனடா நிறுவனத்தின் அனுபவமே சான்று. 1983 ஜூலை 23 அன்று, அதன் போயிங் 767 விமானம் ஒன்றில் எரிபொருள் அளவுகாட்டிகள் வேலை செய்யவில்லை. ஒரு குறைபாடுள்ள பற்றவைப்பு அதற்குக் காரணம். ஊழியர்கள் கோல் கொண்டு அளந்தனர். கோல் சரியாகவே காட்டியது. ஆனால், லிட்டரைக் கிலோவாக மாற்றும்போது பவுண்டுக்கு உரிய 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்திவிட்டனர். தேவையானதில் பாதியளவே எரிபொருளுடன் கிளம்பிய விமானம் நடுவானில் இரு இன்ஜின்களும் நின்று, கிம்லி என்ற ஊரின் கைவிடப்பட்ட விமானதளத்தில் மிதந்து வந்து இறங்கியது. அதிலிருந்த 69 பேரும் பிழைத்தது விமானியின் திறமையால்.

பெட்ரோல் பங்க்கில் டீசல் அளக்கும் கருவியை அரசு ஆண்டுதோறும் சோதித்து முத்திரையிடுகிறது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிகளே இப்பணியைச் செய்கின்றனர். அங்கே வாங்குபவருக்கு ஐயம் எழுந்தால் 5 லிட்டர் அளவைக் கலத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். தொழிற்கூடத் தொட்டியின் முள் விற்பனைக்கானது அன்று என்பதால், அதற்கு முத்திரையும் இல்லை, சோதனையும் இல்லை. ஆனால், அதே முள்ளை நம்பி ஒருவரின் சம்பளத்தில் கை வைக்க முடிகிறது. ஒப்படைத்த பொருள் குறைந்தது என்று கூலியில் பிடிக்க வேண்டுமானால், அந்த இழப்பு அந்தத் தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக விளைந்ததாக இருக்க வேண்டும். பிடிக்கும் முன் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் விதித்த இந்த நிபந்தனை, 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. விளக்கம் கேட்கும் நாளில் உரிமையாளரும் பணியாளரும் சேர்ந்தே குச்சியை இறக்கிப் பார்த்து, சுவரிலுள்ள பட்டியலுடனும் மணிக்கணக்கு நோட்டுடனும் ஒப்பிடட்டும். அப்போதும் டீசல் குறைந்தால், திருட்டு என்ற பேச்சை அதன் பிறகு எடுக்கலாம்.